ஒரு நாள் மலைப் பயணமும் காற்றின் எடையும்

நகரத்தில் வாழ்பவர்கள் ஒரு மலை உச்சிக்குச் சென்று அன்றே திரும்ப வேண்டுமாயின், சில கேள்விகளுக்கு முன்னதாகவே விடை தேடிக்கொள்ள வேண்டும். எந்த மலைக்குச் செல்வது? எந்தப் பருவத்தில் செல்வது? காலையில் எப்போது புறப்படுவது? எவற்றைச் சுமந்து செல்வது? உடன் வருவோர் யார்? பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட முடியுமா?

உல்லாசப் பயணத்துக்கு மட்டுமே இக்கேள்விகள் உரியவை என்று நாம் நினைக்கலாம். ஆனால் 1648-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஒரு விஞ்ஞானச் சோதனைக்காகவே இத்தகைய பயணம் ஒன்று திட்டமிடப்பட்டது. அது மிக நன்றாகத் திட்டமிடப்பட்டிருந்த காரணத்தால், இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலவி வந்த ஒரு கருத்து ஒரே பகலில் ஆட்டங்கண்டது.

குழாயில் எழுந்த ஐயம்

உறிஞ்சு பம்பினால் கிணற்று நீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்ற முடிவதில்லை. இது அக்காலத் தொழிலாளர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. நீர் ஏன் மேலே ஏறுகிறது என்று கேட்டால், அரிஸ்டாட்டிலின் வழிவந்த அறிஞர்கள், "இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது; வெற்றிடம் தோன்றாதபடி நீர் ஓடி வந்து நிரப்புகிறது" என்று விடையளித்தனர். அப்படியானால், 10 மீட்டருக்கு மேல் அந்த வெறுப்பு எங்கே போயிற்று?

கலிலியோவின் இறுதி நாட்களில் அவருடன் இருந்த டாரிசெல்லி, நீருக்குப் பதிலாகப் பாதரசத்தைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு கனமானது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, அதைப் பாதரசமுள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், குழாயிலுள்ள பாதரசம் சற்று இறங்கி, ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதற்குமேல் குழாயில் வெற்றிடம். 1644-இல் டாரிசெல்லி இதற்கு விளக்கம் தந்தார். நாம் காற்று என்னும் பெருங்கடலின் அடியில் வாழ்கிறோம். அக்கடலின் எடை கிண்ணத்திலுள்ள பாதரசத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தமே குழாயிலுள்ள பாதரசத்தைத் தாங்கி நிற்கிறது என்பது அவர் கருத்து.

கருத்து அழகானதுதான். ஆனால் மெய்ப்பித்தாக வேண்டுமே! அதற்கு முன்பே, 1647 அக்டோபரில் டாரிசெல்லி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 39.

பாரிசில் உருவான திட்டம்

பாரிசில் வாழ்ந்த பிளெய்ஸ் பாஸ்கல் என்னும் 24 வயது இளைஞர் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். குளத்தின் அடியில் நீரின் அழுத்தம் மிகுதி. மேலே வரவரக் குறைவு. காற்றும் ஒரு கடலானால், மலையடிவாரத்தைவிட மலையுச்சியில் அதன் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். பாதரசமும் அங்கே தாழ்ந்து நிற்க வேண்டும். அவ்வாறு தாழ்ந்தால், பழைய கொள்கையினர் என்ன சொல்வார்கள்? இயற்கை அடிவாரத்தில் வெற்றிடத்தை அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும் வெறுக்கிறது என்று எவரும் சொல்ல முடியாதல்லவா?

பாரிசுக்கு அருகில் உயர்ந்த மலை எதுவும் இல்லை. பாஸ்கலின் உடல்நிலையோ நெடும் பயணத்துக்கு இடம் தரவில்லை. ஆனால் அவர் பிறந்த ஊரான கிளர்மோன், பிரான்சின் நடுப்பகுதியில் ஒரு மலைத்தொடரின் அருகில் இருக்கிறது. நகருக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 1,465 மீட்டர் உயர்ந்து நிற்கிறது புய் தெ தோம் என்ற புகழ்பெற்ற மலை. அவருடைய அக்காள் கணவர் ஃபுளோரன் பெரியே அவ்வூரில் அரசு நீதிமன்ற அலுவலர், ஆய்வில் நாட்டமுள்ளவர். 1647 நவம்பர் 15-ஆம் தேதி பாஸ்கல் அவருக்குக் கடிதம் எழுதினார்.

அக்கடிதத்தில் கண்ட நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. சோதனையை ஒரே நாளில் பலமுறை செய்ய வேண்டும். ஒரே குழாயையும் அதே பாதரசத்தையும் பயன்படுத்த வேண்டும். அடிவாரத்திலும் உச்சியிலும் அளக்க வேண்டும். ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டராவது இருக்க வேண்டும். குழாய் மாறினாலோ, நாள் மாறினாலோ, பாதரச மட்டத்தின் மாறுதலுக்கு வேறொன்றைக் காரணம் காட்டலாம். அந்தப் பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது. ஊரை அடுத்த மலையைத் தேர்ந்தெடுத்ததன் பொருள் இதுவே.

பத்து மாதக் காத்திருப்பு

கடிதம் கண்டவுடன் பெரியே மலையேறிவிடவில்லை. அலுவல் காரணமாக அவர் வேறு மாவட்டத்தில் தங்க நேர்ந்தது. ஊர் திரும்பிய பின்னரோ பனியும் மூடுபனியும் உச்சியை மறைத்தன. இவ்வாறு பத்து மாதங்கள் கழிந்தன.

1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை. அன்றும் வானிலை நிலையாக இல்லை. எனினும் காலை 5 மணி அளவில் உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. உடனே பெரியே தம்முடன் வர விரும்பியிருந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பாதிரியார்கள் இருவர், நீதிமன்ற அலுவலர்கள் இருவர், மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தனர். இவர்கள் வழித்துணைவர்கள் மட்டுமல்லர்; சோதனையின் சாட்சிகளும் ஆவர்.

8 மணிக்கு, நகரின் தாழ்ந்த பகுதியிலிருந்த மினிம் துறவியர் மடத்துத் தோட்டத்தில் அனைவரும் கூடினர். முந்திய மூன்று நாட்களாகத் தூய்மை செய்து வைத்திருந்த 16 பவுண்டு பாதரசம் தயாராக இருந்தது. ஏறத்தாழ 1.3 மீட்டர் நீளமுள்ள இரு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு பெரியே சோதனை செய்தார். இரண்டிலும் பாதரசம் ஒரே உயரத்தில் நின்றது. இன்றைய அளவில் அது சுமார் 71.2 சென்டிமீட்டர்.

பிறகு அவர் செய்த ஏற்பாடு மிகவும் முக்கியமானது. ஒரு குழாயை அங்கேயே நிலையாக நிறுத்தினார். மடத்துத் துறவி ஒருவரிடம், நாள் முழுவதும் அவ்வப்போது அதைப் பார்த்து வரும்படி கேட்டுக்கொண்டார். மற்றொரு குழாயுடன் குழுவினர் மலைக்குப் புறப்பட்டனர்.

உச்சியில்

உச்சியில் அதே முறையில் சோதனை செய்யப்பட்டது. பாதரசம் சுமார் 62.7 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது! அடிவாரத்தைவிட எட்டரை சென்டிமீட்டர் குறைவு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வியப்பிலும் மகிழ்ச்சியிலும் திளைத்தனர்.

எனினும் மகிழ்ச்சியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மேலும் ஐந்து முறை, உச்சியின் வெவ்வேறு இடங்களில் சோதனையைத் திரும்பச் செய்தனர். அங்கிருந்த சிறு கோயிலின் மறைவில், திறந்த வெளியில், காற்றடிக்கும் இடத்தில், காற்றுப்படாத இடத்தில், வெயிலில், மழையும் மூடுபனியும் வந்தபோது எனப் பலவாறு அளந்தும் உயரம் மாறவில்லை.

இறங்கும் வழியில், மலைக்கும் ஊருக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் மீண்டும் அளந்தனர். அங்கே பாதரசம் சுமார் 67.7 சென்டிமீட்டரில் நின்றது. உயரம் குறையக் குறைய அழுத்தம் கூடுகிறது என்பது இதனால் மேலும் உறுதியாயிற்று.

மாலையில் மடத்தை அடைந்ததும் துறவியிடம் கேட்டனர். நாள் முழுவதும் வெயிலும் மழையும் மூடுபனியும் காற்றும் மாறி மாறி வந்தும், தோட்டத்துக் குழாயில் மாற்றம் எதுவுமில்லை என்றார் அவர். மலைக்குச் சென்று வந்த குழாயை அங்கே நிறுத்தி அளந்தபோது, அதுவும் காலையிற்போலவே 71.2 சென்டிமீட்டர் காட்டியது. ஆகவே உச்சியில் கண்ட வேறுபாட்டுக்கு அன்றைய வானிலை காரணமன்று. குழாயின் பழுதும் காரணமன்று. உயரம் ஒன்றே காரணம்.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் இதனைக் 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்கிறோம். மலையேறியவர்களின் உழைப்புக்குப் பொருள் தந்தது, கீழேயே இருந்து காவல் காத்த அந்தக் குழாய்தான்.

பயணத்தின் பயன்

மறுநாள் பெரியே கிளர்மோன் தேவாலயத்துக் கோபுரத்தின் அடியிலும் உச்சியிலும் அளந்தார். சில மில்லிமீட்டர் வேறுபாடு தெரிந்தது. செய்தி அறிந்த பாஸ்கல் பாரிசில் ஓர் உயர்ந்த கோபுரத்தின் மீது தாமே அளந்து பார்த்தார். அங்கும் முடிவு ஒத்திருந்தது. 1648-ஆம் ஆண்டிலேயே அவர் இச்சோதனை வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார்.

இதைப் பற்றிப் பிற்காலத்தில் விவாதங்களும் எழுந்தன. சோதனையின் கருத்தைத் தாமே பாஸ்கலுக்குக் கூறியதாகத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் உரிமை கொண்டாடினார். உச்சியில் ஆறு முறை அளந்தும் சிறிதும் வேறுபாடு வரவில்லை என்பதை ஐயுறுவோரும் உண்டு. ஆனால் குழாயை எடுத்துக்கொண்டு மலையேறும் எவரும் இம்முடிவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். விஞ்ஞானத்தில் இறுதிச் சாட்சி அதுவே.

இத்தகைய குழாய் இன்னொரு வழியிலும் பயன் தந்தது. பெரியே 1649 முதல் 1651 வரை கிளர்மோனில் பாதரச மட்டத்தை நாள்தோறும் கவனித்துக் குறித்து வந்தார். ஒரே இடத்திலும் காற்றழுத்தம் நாளுக்கு நாள் மாறுகிறது என்பது தெரிய வந்தது. பாஸ்கல் 'ஒரே நாளில்' என்று வற்புறுத்தியது எவ்வளவு பொருத்தம் என்பதை இது காட்டுகிறது. வானிலை அறிய உதவும் பாரமானியின் தொடக்கமும் இங்கேதான் இருக்கிறது. விமானம் பறக்கும் உயரத்தைக் காட்டும் கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. 1971-இல் அழுத்தத்தின் அலகுக்குப் 'பாஸ்கல்' என்றே உலக நாடுகள் பெயர் சூட்டின.

புய் தெ தோம் உச்சியில் 1876-இல் ஒரு வானிலை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. அதற்கான பணிகளின்போது உரோமானியர் காலத்துக் கோயில் ஒன்றின் இடிபாடுகள் வெளிப்பட்டன. அது மெர்க்குரி என்னும் தெய்வத்தின் கோயில். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் பாதரசத்துக்கும் மெர்க்குரி என்றே பெயர்!

2012 முதல் பற்சக்கர இரயில் ஒன்று அடிவாரத்திலிருந்து சுமார் 15 நிமிடங்களில் பயணிகளை உச்சிக்குக் கொண்டு சேர்க்கிறது. பெரியே குழுவினருக்கு ஒரு பகல் தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பகலுக்காக அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்விகள் இன்றும் ஒவ்வொரு மாணவருக்கும் உரியவை. எதை அளக்கப் போகிறோம்? எதை மாறாமல் வைக்கப் போகிறோம்? கீழே யார் காவல் இருப்பார்? இவற்றுக்கு விடை கண்ட பின் புறப்பட்டால், பள்ளி மாடிப்படியும் நமக்கு ஒரு புய் தெ தோம் ஆகலாம்.