மரினா நீர்த்தேக்கம்: துடுப்புப் போடும் ஏரிக்குப் பின்னால் உள்ள வரலாறு

வார இறுதியில் காலாங் பக்கம் போயிருக்கிறீர்களா? டிராகன் படகுக் குழு முரசுச் சத்தத்தோடு துடுப்புப் போட்டுப் போகும். கயாக் பழகுகிறவர்களைப் பார்க்கலாம். கரையோரம் சாம்பல் நாரை ஒன்று அசையாமல் மீனுக்குக் காத்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பமே கண்ணில் படும். "நல்ல காத்து, அழகான ஏரி"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடுவோம்.

ஆனால் இது இயற்கையாக அமைந்த ஏரி இல்லை. மரினா அணைக்கட்டு வருவதற்கு முன்பு இங்கே கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மாற்றம் எப்படி வந்தது, அதற்காக யார் யார் இடம் மாறினார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள்

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே காலாங் ஆற்றில் ஓராங் பிடுவாண்டா காலாங் மக்கள் படகுகளிலேயே வாழ்ந்தார்கள். 1819க்குப் பிறகு துறைமுகம் வளர்ந்தது. கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிச் சென்ற தோணிக்காரர்களில், தொடக்கக் காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் முக்கியமானவர்கள். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் ஆற்றோரமாகச் சூலியா கம்பத்துக்கு இடம் குறிக்கப்பட்டது. இன்றைய சூலியா ஸ்திரீட் அந்தப் பெயரை நினைவூட்டுகிறது. பிற்பாடு தோணித் தொழில் பெரும்பாலும் சீனர் கைக்குப் போனது.

தொழில் பெருகப் பெருகக் கழிவும் பெருகியது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, சாலையோர அங்காடிகள், பட்டறைகள், கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகள் எல்லாவற்றின் கழிவும் ஆற்றில்தான் கலந்தது. நாற்றம் தாங்க முடியாது என்று அந்தக் காலத்துப் பெரியவங்க இன்னமும் சொல்வாங்க.

1977: பத்தாண்டுக் கெடு

1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்து ஆண்டுகளில் சுத்தப்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தார். ஆற்றை மட்டும் தூர்வாரினால் போதாது. கழிவு வரும் இடத்திலேயே அதை நிறுத்த வேண்டும். அதனால் சுமார் 26,000 குடும்பங்கள் வீவக வீடுகளுக்கு மாறின. ஏறக்குறைய 5,000 அங்காடிக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. 1987இல் பணி நிறைவடைந்தது.

புது வீட்டில் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் கிடைத்தன. அதே சமயம், பரம்பரையாகப் பண்ணை வைத்திருந்தவர் வேறு தொழில் தேட வேண்டியிருந்தது. தோணிக்காரருக்கு அவர் பழகிய ஆறு இல்லாமல் போனது. இரண்டும் உண்மைதான்.

கடலுக்கு ஒரு கதவு

அடுத்த கட்டம் மரினா அணைக்கட்டு. மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டு, 2008இல் திறக்கப்பட்டது. மழைநீர் சேரச் சேர உப்பு குறைந்தது. 2010இல் இது நாட்டின் 15ஆவது நீர்த்தேக்கமானது. இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு.

இதற்குப் பயன் மூன்று. ஒன்று, குடிநீர். இரண்டு, வெள்ளத் தடுப்பு: கனமழையின்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் ஒன்பது கதவுகள் வழியாக நீர் வெளியேறும், உயர்ந்திருந்தால் ஏழு ராட்சதப் பம்புகள் நீரைக் கடலுக்குள் தள்ளும். மூன்று, பொழுதுபோக்கு: இப்போது ஏறுவதும் வற்றுவதும் இல்லாததால் நாள் முழுக்கப் படகு விடலாம். 2010 இளையர் ஒலிம்பிக் படகுப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன.

தேர்வுக்கு விடை எழுதும்போது

"ஆறு சுத்தமானது, மக்கள் பயன் அடைந்தனர்" என்று மட்டும் எழுதி நிறுத்திடாதீங்க. காரணம், நடவடிக்கை, விளைவு என்று பிரித்து எழுதுங்கள். விளைவில் பயனையும் இழப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் ஆண்டோ எண்ணிக்கையோ சான்றாக இருக்கட்டும்.

ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கலாம்:

1. ஆற்றைச் சுத்தப்படுத்த வீடுகளை ஏன் மாற்ற வேண்டியிருந்தது?
2. 1983இல் நீங்கள் ஒரு தோணிக்காரரின் பிள்ளையாக இருந்தால், இந்தத் திட்டத்தை எப்படிப் பார்த்திருப்பீர்கள்?
3. உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய ஆற்றைப் பற்றிக் கேட்டு, ஐந்து வரி எழுதி வாருங்கள்.