குற்றாலத்துப் பாறையும் இப்னு பதூதா கண்ட மாணிக்கக் குழியும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்வோர் அருவியை எண்ணியே செல்கின்றனர்; அது விழும் பாறையை உற்று நோக்குவோர் சிலரே. இவ்வட்டாரத்துக் குவாரிகளில் உடைந்து கிடக்கும் கற்களில் செந்நிறப் புள்ளிகளைக் காணலாம். அவை கார்னெட் என்னும் கனிமம். பெரும்பாலானவை விரிசல் விழுந்தவை. பட்டை தீட்டுவதற்கு உதவா. ஆயினும் அவற்றின் குலம் பெரிது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பமும் அழுத்தமும் இப்பாறைகளை உருமாற்றின. அன்று தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தில் அடுத்தடுத்துக் கிடந்தன. இரத்தினபுரியின் நீலக்கல்லும் அந்த உருமாற்றக் காலத்துப் பாறைகளில் பிறந்ததே.

அந்த இலங்கைக் கற்களை நேரில் கண்டு எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1344-இல் அவர் அங்கே சென்றார். நிலத்தில் ஒரு பங்கை விலைக்கு வாங்கித் தோண்டுவார்களாம்; கிடைக்கும் வெண்கல்லின் வயிற்றினுள் மாணிக்கம் இருக்குமாம்; கல் தீட்டுவோர் அதைத் தேய்த்துப் பிரித்தெடுப்பார்களாம். சிவப்பு, மஞ்சள், நீலம் என மூவகையைக் கூறும் அவர், நீல வகைக்கு அங்கு வழங்கிய பெயரையும் குறித்துள்ளார். அரபு எழுத்தில் அமர்ந்திருக்கும் அச்சொல் நம்முடைய 'நீலம்' என்பதே! நூறு பணம் மதிப்புள்ள கல் கிடைத்தால் அதை மன்னர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவருக்கே உரியது என்பதும் அவர் தரும் செய்தி. இன்றும் பேருவளையின் சீனன்கோட்டையில் இரத்தினச் சந்தையை நடத்துவோர் பெரும்பாலும் முஸ்லிம்களே.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. அதற்கு அணித்தாகிய படியூரில் பெரில் என்னும் பச்சைநீலக் கல் வெட்டப்பட்டது. பெரில் பெரிதும் இந்தியாவிலேயே கிடைக்கிறது என்று எழுதிய ரோமானியர் பிளினி, இந்தியர் பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிக்கல் செய்வதாகவும் குறை கூறினார். வணிகம் வளர்ந்த இடத்தில் கலப்படமும் உடன் வளர்ந்திருக்கிறது.

மண்ணுக்குள் கிடப்பது யாருக்கு உரியது? இலங்கை மன்னரின் நூறு பண வரம்பு ஒரு விடை. அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் யமனின் மஃரிபிலிருந்து வந்த அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள், அங்குள்ள உப்புச் சுரங்கத்தைத் தமக்கு வழங்குமாறு வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்களும் வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்றது, எவரும் எளிதில் எடுக்கக்கூடியது என்பதை அவையில் இருந்த ஒருவர் எடுத்துரைத்ததும், நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வெளிப்படையாகக் கிடக்கும் கனிமத்தை எவருக்கும் தனியுடைமையாக்க இயலாது என்று ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் வகுத்தமைக்கு இதுவே ஆதாரம். (தோண்டி எடுத்த மாணிக்கம் போன்ற கற்களுக்கு, எடுத்த அளவிலேயே ஜகாத் கடமையாகாது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அவை வணிகச் சரக்கானால் கணக்கு வேறு.)

நம் பகுதியில் நிலை தலைகீழாகவே உள்ளது. காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கல்லெடுப்பது குற்றம். அது வேண்டிய சட்டமே. காட்டுக்கு வெளியே உள்ள குன்றுகளோ குத்தகைக்கு விடப்பட்டு வெடி வைத்துத் தகர்க்கப்படுகின்றன. கைவிடப்பட்ட ஒரு குவாரியையேனும் வேலியிட்டு, மாணவர்கள் சுத்தியலும் உருப்பெருக்கியும் கொண்டு கனிமம் தேடிப் பயில ஏற்பாடு செய்யலாம். வேறு நாடுகளில் சிறு கட்டணத்துக்கு இது நடைபெறுகிறது. இங்கே கார்னெட் பதிந்த பாறையும் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைபட்டு, லாரிகளில் ஏறிப் புளியரை வழியே கேரளம் செல்கிறது.