அப்பாவின் புல்தரை

போன மாசம் எங்க வீட்டு முன்வாசல் புல்தரையை நானே மண்வெட்டியால கொத்தி எடுத்தேன். அப்பா ரெண்டு நாள் பேசல. 2019-ல சென்னை ஏரிகள் வறண்டப்போகூட, குளிச்ச தண்ணியைச் சுமந்து ஊத்தி அவர் காப்பாத்தின புல் அது.

இந்த ஆசை எங்கிருந்து வந்துச்சு? அடிக்கடி மழை தூறுற இங்கிலாந்துல இருந்து. அங்கேயே புல்லை அரிவாளால ஒரே சீரா அறுக்க நிறைய ஆள் வேணும். அதனால அது பணக்கார வீட்டு அடையாளம். 1830-ல எட்வின் பட்டிங்னு ஒரு இன்ஜினியர் புல்வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியில பிசிறு வெட்டுற மில் மெஷின்தான் அதுக்கு மாதிரி. நம்ம பாஷையில சொன்னா கோட் ரீயூஸ்! அப்புறம் நடுத்தரக் குடும்பங்களும் புல் வளர்க்க ஆரம்பிச்சாங்க.

இப்போ அந்த இடத்துல செம்பருத்தி, நந்தியாவட்டை வெச்சிருக்கேன். படி ஓரம் ஒரு முழம் புல்லை மட்டும் அப்பா தொடவிடல. காலையில அதுல நின்னுதான் பேப்பர் படிக்கிறார்.