ஏசிக்கு முந்தைய கோடைகள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் ஏறிச் சென்றடையும் ஊர்களுள் ஒன்று சோளக்காடு. உயரம் 1000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதனால் அடிவாரம் கொதிக்கும் நாளிலும் மலைமேல் மின்விசிறியே போதுமானதாக இருந்துவந்தது. சமவெளி மக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்று ஏசி பழுதாகி, மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்றால், சமவெளி வீடு பழைய வழிகளைத்தான் தேடுகிறது. அவ்வழிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு.

நீரும் காற்றும்

நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பதும் இதே முறைதான். உலர்ந்த காற்று வீசும் உள்மாவட்டங்களில் இது நன்கு பயன்படும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் ஏற்கெனவே மிகுதி என்பதால் பயன் குறைவு.

ஆங்கிலேயர் காலத்தில் பங்களாக்களிலும் நீதிமன்றங்களிலும் கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறியான பங்கா இருந்தது. அதன் கயிற்றை வெளியே அமர்ந்து ஒருவர் இரவு பகலாக இழுக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் காற்று. இழுப்பவருக்கு வெயிலும் புழுக்கமும். அவர் கண் அயர்ந்ததற்காக அடித்த ஆங்கிலேயர்கள்மீது வழக்குகள் நடந்ததும் உண்டு.

கப்பலில் வந்த பனிக்கட்டி

அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டி, மரத்தூள் போன்றவற்றால் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833இல் முதல் சரக்கு கல்கத்தாவை அடைந்தது. சுமார் நான்கு மாதப் பயணத்தில் ஒரு பகுதி கரைந்துபோனாலும் பெரும்பகுதி மிஞ்சியது. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்ட சேமிப்புக் கிடங்கே ஐஸ் ஹவுஸ். ஐஸ் வந்து சேர்வது கப்பலைப் பொறுத்தது. வாங்கி அனுபவித்தோர் வசதி படைத்தோர் மட்டுமே.

இயந்திரத்தால் ஐஸ் தயாரிக்கும் முறை பரவியதும் இவ்வணிகம் நலிந்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் கைக்கு மாறியது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

'டன்' வந்த கதை

பனிக்கட்டி வணிகம் மறைந்தாலும் அதன் அளவை மறையவில்லை. கடையில் '1.5 டன் ஏசி' என்று கேட்கும்போது அந்த டன் இயந்திரத்தின் எடை அன்று. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பமே 1 டன் குளிர்திறன். இது சுமார் 3.5 கிலோவாட். மணிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் ஆவியானாலும் அதே அளவு வெப்பம் நீங்கும். ஈரத் தட்டியின் ஆற்றலை இதிலிருந்து உணரலாம்.

நவீன ஏசியை 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்தார். அது மனிதர்களுக்காக அன்று, நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்காமல் இருப்பதற்காக.

வீடு மறந்தவை

திண்ணை, முற்றம், உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சன்னல்கள் ஆகியவை பழைய வீடுகளைக் காத்தன. ஏசியை நம்பிக் கட்டப்படும் அடைத்த அறைகளில் இவை இல்லை. ஆகவே இயந்திரம் நின்றால் பழைய வீட்டைவிடப் புதிய வீடே அதிகம் தகிக்கிறது. பகலில் வெயில்படும் சன்னல்களை மூடித் திரையிடுவது, இரவில் எல்லாவற்றையும் திறப்பது, ஈரத்துணிக்கு முன் மின்விசிறியை ஓடவிடுவது ஆகிய வழிகளே அப்போது மிஞ்சுகின்றன.

மலையும் இனி முழுப் புகலிடம் அன்று. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலேயே வெப்பநிலை 29 டிகிரியைத் தொட்டது. கொல்லிமலையின் மண்சுவர், புல்கூரை வீடுகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடுகள் எழும் காலத்தில், சோளக்காட்டுக்கும் இந்த வரலாறு பாடமாகிறது. சன்னலும் நிழலும் வைத்துக் கட்டிய வீட்டுக்கு மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் நிலை வராது.