அட்டையில் ஒரு துளை

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீட்டுக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்துத் தொங்கும். நெசவாளி மிதியை அழுத்த அழுத்த, ‘டக்’ என்று ஒவ்வோர் அட்டையாக நகரும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும். இல்லாத இடத்தில் கிடந்தபடி கிடக்கும். முந்தியில் மயில் தோகை விரிப்பது இந்தத் துளைகளின் தயவால்தான். ‘ஜக்கார்டு’ என்பார்கள். அது ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பூவேலைப் பட்டு நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் நெய்வார், இன்னொருவர், பெரும்பாலும் சிறுவர், கயிறுகளை இழுத்து நூலைத் தூக்குவார். ஒரு கயிறு தப்பினால் பூ கெட்டது. 1725-இல் பசில் பூஷோன் காகிதச் சுருளில் துளையிட்டு, எந்தக் கயிற்றை இழுப்பது என்று காட்டினார். மூன்றாண்டில் ஃபால்கோன் சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கோத்தார். தானியம் கொத்தும் இயந்திர வாத்து செய்து புகழ்பெற்ற வோகான்சோன், 1745-இல் கயிறு இழுக்க ஆளே வேண்டாத தறியைச் செய்தார். யாரும் சீண்டவில்லை; அது பாரிஸில் தூசி படிந்து கிடந்தது.

அதைத் தூசி தட்டியவர் நெசவாளி மகனான ஜோசஃப் மரி ஜக்கார்டு. முன்னோர் மூவரின் யோசனைகளையும் ஒட்டுப்போட்டு, 1804-இல் தன் தறியைக் கொண்டுவந்தார். இரவல் சரக்குதான், பெயர் மட்டும் அவருக்கு. கயிறு இழுத்தவர்களின் வேலை போயிற்று. அட்டையில் துளை வெட்டும் வேலை பிறந்தது. ஆனால் 1831-இல் லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது முன்வைத்த முக்கியக் கோரிக்கை, குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வேண்டும் என்பது.

1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். அந்தப் பட்டுப் படங்களில் ஒன்றை வாங்கி விருந்தினருக்குக் காட்டி மகிழ்ந்தவர் லண்டன் கணித மேதை சார்லஸ் பாபேஜ். பூவை நெய்யும் அட்டை கணக்கையும் போடாதா என்று, தன் பகுப்பாய்வு இயந்திரத்துக்கு அதை ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தார். அந்த இயந்திரம் காகிதத்தோடு நின்றது.

யோசனை நிற்கவில்லை. ரயில் நடத்துநர் டிக்கெட்டில் துளையிட்டுப் பயணியின் அங்க அடையாளத்தைப் பதிவதைப் பார்த்தார் அமெரிக்கரான ஹெர்மன் ஹொலரித். 1880 மக்கள்தொகைக் கணக்கைக் கையால் முடிக்க ஏழாண்டுக்கு மேல் பிடித்தது; 1890-இல், அதேபோல் அட்டைத் துளைகளைப் படிக்கும் அவருடைய இயந்திரங்கள் மொத்தத் தலைக்கணக்கைச் சில மாதங்களுக்குள் சொல்லிவிட்டன. அவர் நிறுவனம் மற்றவற்றோடு இணைந்து, 1924-இல் ஐபிஎம் ஆயிற்று. எண்ணிய குமாஸ்தாக்கள் குறைந்தார்கள். துளையிடும் பெண்கள் வரிசையாக அமர்ந்தார்கள். எழுபதுகளில் சென்னை ஐஐடியிலும் அட்டைக்கட்டோடுதான் கணினிக்கு முன் நிற்க வேண்டும். கட்டு கைதவறிச் சிதறினால் அன்றைய பொழுது போச்சு. திரை வந்ததும் துளையிடும் வேலையும் போயிற்று. 2000-இல் ஃபுளோரிடாவில் வாக்கு அட்டைகளில் சரியாக விழாத துளைகள் அமெரிக்க அதிபர் தேர்தலையே இழுபறியாக்கின. முடிவில் வித்தியாசம் 537 வாக்குகள்.

இப்போது பேத்தி பாட்டி வீட்டுக்கு வந்ததுபோல, கணினி தறிக்கே திரும்பியிருக்கிறது. மின்னணு ஜக்கார்டுக்கு அட்டை வேண்டாம். அட்டை வெட்டுபவருக்கு வேலை குறைகிறது. ஆனால் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு, மறுகரையில் நாடா தள்ள இன்னொரு கை பெரும்பாலும் இன்றும் வேண்டும். முந்நூறு ஆண்டுகளில் துளை பல வேலைகளைத் தின்றது, பல வேலைகளை ஈன்றது. கூலியை மட்டும் அது ஒருநாளும் தீர்மானிக்கவில்லை. அதை மனிதர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.