காதுக்கும் கல்வி: கேட்கத் தகுந்த வானொலியும் பாட்காஸ்டும்

அருப்புக்கோட்டையில் தறியில் அமர்ந்திருப்பவருக்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். திருச்சுழிப் பக்கம் மிளகாய் வற்றலைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கும், அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கும் அப்படியே. இந்த நேரத்தை இன்று பெரும்பாலும் நிரப்புவது வாட்ஸ்அப் குரல் பதிவுகள். பேசுவது யார், அவருக்கு யார் சொன்னார் என்பது தெரியாமலேயே கேட்கிறோம், பிறருக்கும் அனுப்புகிறோம்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலையில் ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்பதற்கு 'ஸமாஉ' என்று பெயர். யாரிடம் கேட்டோம் என்பதையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். ஆளறிந்து கேட்பதே நம் மரபு. அந்த அளவுகோலை வைத்து, கட்டணமின்றிக் கேட்கக்கூடிய சிலவற்றை இங்கே தருகிறோம்.

ஆகாசவாணி

நமக்கு அருகில் இருப்பது மதுரை வானொலி நிலையம். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் கோடைப் பண்பலை 100.5-ம் தென்மாவட்டங்களில் பரவலாகக் கேட்கும். காலையில் மாநிலச் செய்திகளும் நாட்டுச் செய்திகளும் தமிழில் வரும். அரை மணி நேரத்தில் நாட்டு நடப்பு தெரிந்துவிடும். ரேடியோ பெட்டி இல்லாதவர்கள் பிரசார் பாரதியின் 'நியூஸ்ஆன்ஏர்' செயலியில் திருநெல்வேலி, திருச்சி நிலையங்களையும் கேட்கலாம்.

வேளாண் நிகழ்ச்சிகளைத் தவறவிட வேண்டாம். 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விளக்கிச் சொல்ல, தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். நமது வானம் பார்த்த பூமிக்கும் அப்படிப்பட்ட அறிவு தேவை. வானொலியில் கேட்டதை அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நேரில் கேட்டு, நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று உறுதி செய்துகொள்ளலாம்.

சமுதாய வானொலி

2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எப்.எம். இவ்வகையில் இந்தியாவின் முன்னோடி. பாம்பனில் இயங்கும் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே நடக்கிறது. இவை சில மைல் தூரமே கேட்கும். ஆனால் கல்வி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் இதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் பகுதியில் கல்லூரி நடத்துவோர் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

கடல் கடந்த தமிழ்

இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைத் தென்தமிழகத்தின் மூத்த தலைமுறை நன்கறியும். 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது. அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்புகிறது ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் எஸ்.பி.எஸ். தமிழ். அதன் செய்தி விளக்கங்களும் நேர்காணல்களும் பாட்காஸ்டாகவே கிடைக்கின்றன.

மாணவர்களுக்கு

ஆங்கிலம் பழக பிபிசியின் '6 மினிட் இங்லிஷ்' நல்ல தொடக்கம். ஒவ்வொரு பாடமும் ஆறு நிமிடம்தான். பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கும். கல்லூரி மாணவர்கள் பிபிசியின் 'இன் அவர் டைம்' தொடரைக் கேட்கட்டும். இமாம் கஸ்ஸாலி, இப்னு கல்தூன், அல்பிரூனி, இப்னு ருஷ்து ஆகியோரைப் பற்றிப் பேராசிரியர்கள் உரையாடும் பதிவுகள் அதில் உள்ளன. தமிழ் நூல்களைக் கேட்க விரும்புவோருக்கு தீபிகா அருண் வாசிக்கும் 'கதை ஓசை' உண்டு. சிறு பிள்ளைகளுக்கு பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்.

தேர்ந்தெடுக்கும் முறை

• பேசுபவரின் பெயரும் நிறுவனமும் வெளிப்படையாக இருக்கின்றனவா?
• எந்தத் தேதியில் பதிவானது? பழைய செய்தி புதிதாகச் சுற்றுகிறதா?
• ஆதாரம் சொல்கிறாரா, ஆத்திரமூட்டுகிறாரா?
• தலாக், வாரிசுரிமை போன்ற மார்க்கச் சட்டங்களில் ஒலிப்பதிவைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் நிலைமையை முழுமையாகச் சொல்லி, அறிந்த ஆலிமிடம் கேளுங்கள். நோய்க்கு மருத்துவரிடம் கேளுங்கள்.
• வானொலியில் சினிமாப் பாடல்களும் வரும். நேரத்தைக் குறித்து வைத்து, வேண்டிய நிகழ்ச்சியை மட்டும் கேட்டுவிட்டு அணைத்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரவுச் சாப்பாட்டின்போது, இன்று என்ன கேட்டாய், யார் சொன்னார் என்று பிள்ளைகளிடம் விசாரியுங்கள். 'யார் சொன்னார்' என்ற கேள்வி பழகிவிட்ட பிள்ளை, நாளை வதந்தியை அவ்வளவு எளிதில் நம்பாது, இன்ஷா அல்லாஹ்.