விற்றே வாழ்ந்த அணி

2002ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி மதியம். தாய்லாந்தின் சத்தஹிப்பில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான முதற்சுற்றுப் பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு இன்னும் பதினொரு நாட்களே இருந்தன. ஆசிரிய பீடத்தில் இருந்த அனைவரும் அது தொடர்பான தகவல்களுக்காகவே சர்வதேச செய்தி முகவரகங்களின் வரிகளைப் பார்த்துக் கொண்டிருந்தோம். அவற்றுக்கு நடுவே கலிபோர்னியாவில் இருந்து ஒரு விளையாட்டுச் செய்தி வந்து விழுந்தது. ஒக்லண்ட் அத்லெட்டிக்ஸ் என்ற பேஸ்போல் அணி தொடர்ச்சியாக இருபதாவது வெற்றியைப் பெற்றிருந்தது. 11 - 0 என்று முன்னணியில் இருந்துவிட்டு, எதிரணியை 11 - 11 என்று சமநிலைக்கு வரவிட்டு, கடைசியில் ஸ்கொட் ஹற்றெபேர்க் அடித்த ஒரே அடியில் 12 - 11 என்று வென்றிருந்தார்கள்.

அந்தச் செய்திக்கு எமது விளையாட்டுப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆனால், அதன் பிற்பகுதியில் இருந்த ஒரு தகவல் என் மனதில் தங்கிவிட்டது. அந்த வெற்றிகளுக்கு முந்திய குளிர்காலத்தில்தான் அந்த அணி தனது முக்கியமான மூன்று வீரர்களைப் பணக்கார அணிகளிடம் இழந்திருந்தது. ஜேசன் ஜியம்பி நியூயோர்க் யாங்கீஸுக்கும், ஜோனி டேமன் பொஸ்டனுக்கும், ஜேசன் இஸ்ரிங்ஹோசன் சென் லூயிஸுக்கும் போயிருந்தார்கள். வீட்டுத் தூண்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டும் கூரை நிற்கிறதே என்ற வியப்பில்தான் அந்த அணியைப் பின்தொடரத் தொடங்கினேன். ஒக்லண்ட் மைதானத்தில் நான் கால் வைத்ததில்லை. எல்லே விளையாடி வளர்ந்தவனுக்கு பேஸ்போலைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. கட்டைகளைச் சுற்றி ஓடி வீடு திரும்புவதே இரண்டிலும் கணக்கு.

2002இன் கதையை மைக்கல் லூயிஸ் 2003இல் 'மணிபோல்' என்ற நூலாக எழுதினார். 2011இல் பிரட் பிட் நடித்த திரைப்படமாகவும் அது வந்தது. பணமில்லாத ஓர் அணி புத்தியால் வென்ற கதை என்று உலகம் அதனைக் கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். பிறகு அந்த அணியின் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அந்தத் திரைப்படம் ஒரு நீண்ட உறுதிப் புத்தகத்தின் ஒரு பக்கம் மாத்திரமே என்பது விளங்கியது. ஒரு நொத்தாரிசின் அலுமாரியில் இருப்பதைப் போல விற்பனைக்கு மேல் விற்பனையாக அடுக்கப்பட்ட வரலாறு அது.

அணி பிறந்தது ஒக்லண்டில் அல்ல. 1901இல் பிலடெல்பியாவில். அன்று தொடங்கி 1950 வரை ஐம்பது பருவங்கள் அதற்கு முகாமையாளராக இருந்தவர் கொனி மக். வீரர்களின் சீருடையை அணியாமல் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக அணியின் இருக்கையில் அமர்ந்திருப்பவர். அணியில் பங்குரிமையும் அவருக்கு இருந்தது. முகாமையாளராக அவர் கட்டியதை உரிமையாளராக அவரே கலைத்தார் என்பதுதான் அவரது வாழ்க்கையின் விசித்திரம்.

1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் அவரது அணி உலகத் தொடரை வென்றது. மக்கினிஸ், கொலின்ஸ், பரி, பேக்கர் ஆகிய நால்வரையும் 'இலட்சம் டொலர் உட்களம்' என்று அழைத்தார்கள். 1914இல் 99 போட்டிகளை வென்று இறுதிக்கு வந்த அந்த அணி, பொஸ்டன் பிரேவ்ஸிடம் நான்கு போட்டிகளிலும் தோற்றது. அந்த வேளையில் பெடரல் லீக் என்ற போட்டி அமைப்பு ஒன்று தோன்றி அதிக சம்பளம் காட்டி வீரர்களை இழுத்துக்கொண்டிருந்தது. பந்தெறிவாளர்களான பெண்டரும் பிளாங்கும் அங்கு போனார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுப்பதைவிட விற்பதே மேல் என்று மக் முடிவு செய்தார். எடி கொலின்ஸ் 50 ஆயிரம் டொலருக்கு சிக்காகோவுக்கு விற்கப்பட்டார். பரி பொஸ்டனுக்குப் போனார். சம்பளப் பிணக்கில் 1915ஆம் ஆண்டு முழுவதும் விளையாடாமல் இருந்த பேக்கர் மறு ஆண்டு யாங்கீஸுக்கு விற்கப்பட்டார்.

விளைவு? 1915இல் 43 வெற்றி, 109 தோல்வி. 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம். பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி 1919 டிசெம்பரில் பேப் ரூத்தை இலட்சம் டொலருக்கு நியூயோர்க்குக்கு விற்றதை ஒரு சாபம் என்று அமெரிக்கர்கள் பேசினார்கள். ஒருவரை விற்றதற்கு அந்தப் பேச்சு. ஓர் அணியையே விற்ற பிலடெல்பியாவுக்கு ஒரு சாபத்தின் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

மக் பொறுமைசாலி. மீண்டும் கட்டினார். லெப்டி குரோவ், ஜிம்மி பொக்ஸ், அல் சிம்மன்ஸ், மிக்கி கொக்ரன் என்று அவர் சேர்த்த வீரர்கள் 1929இலும் 1930இலும் உலகத் தொடரை வென்றார்கள். 1931இல் 107 வெற்றிகள். அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. பிலடெல்பியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் விளையாட 1933 வரை சட்டம் இடங்கொடுக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் மைதானம் பூட்டிக் கிடந்தது. 1932 செப்டெம்பரில் சிம்மன்ஸும் வேறு இருவரும் இலட்சம் டொலருக்கு சிக்காகோவுக்குப் போனார்கள். 1933 டிசெம்பரில் ஒரே நாளில் குரோவ் பொஸ்டனுக்கும் கொக்ரன் டெட்ரொயிட்டுக்கும் போனார்கள். 1935இன் கடைசியில் பொக்ஸ். வாங்கியவர்கள் ஏமாறவில்லை. கொக்ரனை வீரராகவும் முகாமையாளராகவும் அமர்த்திய டெட்ரொயிட் 1935இல் உலகத் தொடரை வென்றது. அதே ஆண்டில் பிலடெல்பியா தனது லீக்கில் கடைசி இடத்தில் இருந்தது.

மக்கின் மீது எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. அவருக்கு வேறு தொழில் இருக்கவில்லை; அணியே அவரது வருமானம். வங்கிக் கடன் கழுத்தை நெரித்தபோது கையில் இருந்ததை விற்றார். ஆனாலும், பின்னால் வந்தவர்களுக்கு அவர் ஒரு வழக்கத்தை விட்டுச் சென்றார் என்பதை மறுப்பதற்கில்லை.

1954இல் அணியை வாங்கிய ஆர்னல்ட் ஜோன்சன் அதனை மறு ஆண்டு கன்சாஸ் சிற்றிக்குக் கொண்டு போனார். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒரு பருவத்திலாவது தோல்விகளைவிட வெற்றிகள் கூடுதலாக இருக்கவில்லை. யாங்கீ மைதானத்தின் உரிமையாளராக முன்னர் இருந்தவர் ஜோன்சன்; அவரது காலத்தில் நல்ல வீரர்கள் வரிசையாக நியூயோர்க்குக்குப் போனார்கள். 1959 டிசெம்பரில் போன ரொஜர் மாரிஸ் 1961இல் 61 ஹோம் ரன்களை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். கன்சாஸ் சிற்றி ரசிகர்கள் அதனைப் பத்திரிகையில் வாசித்தார்கள்.

ஜோன்சன் 1960இல் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில் அணி சார்ளி பின்லியின் கைக்கு வந்தது. காப்புறுதி வியாபாரத்தில் பணம் சேர்த்த, எவருடனும் ஒத்துப்போகாத மனிதர். 1968இல் அணியை ஒக்லண்டுக்குக் கொண்டுவந்து, 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று முறை சம்பியனாக்கினார். ஆனால், அதுவரை உரிமையாளர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த ஒரு விதி அப்போது உடைந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்கே உரியவர் என்று சொன்ன விதி அது. 1975 டிசெம்பரில் நடுவர் பீற்றர் சைற்ஸ் வழங்கிய தீர்ப்புக்குப் பின்னர் வீரர்கள் தாம் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. தன் வீரர்கள் வெறுங்கையுடன் தன்னை விட்டுப் போவதற்கு முன்னர் விற்றுவிட பின்லி தீர்மானித்தார்.

1976 ஜூன் 15ஆம் திகதி ஜோ ரூடியையும் ரொலி பிங்கர்ஸையும் தலா ஒரு மில்லியன் டொலருக்கு பொஸ்டனுக்கும், வைடா புளூவை ஒன்றரை மில்லியனுக்கு யாங்கீஸுக்கும் விற்றார். அன்றைய தினம் பொஸ்டன் அணி ஒக்லண்டில்தான் விளையாட வந்திருந்தது. ரூடியும் பிங்கர்ஸும் ஒரே மைதானத்தில் ஓர் உடைமாற்றும் அறையில் இருந்து மற்ற அறைக்கு நடந்துபோய் எதிரணியின் சீருடையை அணிந்தார்கள். மூன்று நாட்களின் பின்னர் பேஸ்போல் ஆணையாளர் போவி கூன், விளையாட்டின் நலனுக்கு ஒவ்வாதது என்று கூறி மூன்று விற்பனைகளையும் இரத்துச் செய்தார். பின்லி நீதிமன்றம் போனார். தோற்றார்.

கூன் செய்தது சரியா? நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஒக்லண்ட் ரசிகர்களுக்காக ஓர் அதிகாரி தலையிட்ட ஒரே சந்தர்ப்பம் அது என்று முதலில் நினைத்தேன். ஆனால், பருவம் முடிந்ததும் ரூடி, பிங்கர்ஸ், பண்டோ, டெனஸ், கம்பனெரிஸ் எல்லோரும் போய்விட்டார்கள். உரிமையாளருக்குப் பணமும் இல்லை, ரசிகனுக்கு வீரனும் இல்லை. 1977இல் அணி கடைசி இடத்துக்கு வந்தது. அந்த ஆண்டுதான் புதிதாகப் பிறந்த சியாட்டில் அணிகூட அதற்கு மேலே இருந்தது. 1979 ஏப்ரல் 17ஆம் திகதி ஒரு போட்டிக்கு வந்தவர்களின் தொகை 653. ஊர்க் கழகப் போட்டிக்கு இதைவிடக் கூட்டம் வரும்.

'ஆட்கள் வருவதில்லை, ஆகவே விற்கிறோம்' என்பதே எல்லா உரிமையாளர்களின் நியாயம். விற்றதால்தான் ஆட்கள் வருவதில்லை என்பது என் கட்சி. நேர்மையாகச் சொன்னால் எனக்கு எதிரான சாட்சியும் உண்டு. 1974இல் மூன்றாவது கிண்ணத்தை வென்ற வருடத்தில்கூட ஒக்லண்டுக்கு வந்த பார்வையாளர்கள் ஒரு மில்லியனை எட்டவில்லை. ஆனால், பின்லி 1980இல் ஹாஸ் குடும்பத்துக்கு அணியை விற்ற பின்னர் நடந்ததையும் பார்க்க வேண்டும். வீரர்களை வைத்துக் காப்பாற்றிய உரிமையாளர்கள் அவர்கள். 1989இல் உலகத் தொடரை வென்றார்கள். 1990இல் மைதானத்துக்கு வந்தவர்கள் 29 இலட்சம் பேர். அதே ஊர், அதே கொங்கிரீட் மைதானம்.

2005இல் வந்தவர்களில் ஒருவர் ஜோன் பிஷர். பின்னர் முழுக் கட்டுப்பாடும் அவரிடம் போனது. கப் ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தின் வாரிசு. மக்குக்கு இருந்த வறுமை இவருக்கு இல்லை. 2014 நவம்பரில் ஜோஷ் டொனல்ட்சனை ரொறன்ரோவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் அமெரிக்கன் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரரானார். ரொறன்ரோ 1993இன் பின்னர் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குப் போனது. அந்த ஒக்டோபரில் நீல நிறச் சட்டையுடன் ஆரவாரித்த எமது கனடா வாசகர்கள், அந்த மகிழ்ச்சியின் மறுபக்கம் எந்த ஊரில் இருந்தது என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வாங்கியவன் கொண்டாடுவது இயல்பு.

2022 மார்ச்சில் மட் ஒல்சன் அட்லாண்டாவுக்கும் மட் சப்மன் மீண்டும் அதே ரொறன்ரோவுக்கும் போனார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பந்தெறிவாளர்களும் விக்கெட் காப்பாளர் போன்ற நிலையில் நிற்கும் ஷோன் மேர்பியும் போய்விட்டனர். கூடவே அனுமதிச் சீட்டுகளின் விலையும் உயர்த்தப்பட்டது. 2022இல் வந்த பார்வையாளர்கள் 787,902. லீக்குகள் இரண்டிலும் ஆகக் குறைந்த தொகை. 2023இல் 112 தோல்விகள். அட்லாண்டாவில் ஒல்சன் அந்த ஆண்டு 54 ஹோம் ரன்களை அடித்தார். ரசிகர்கள் வருவதில்லை, ஆகவே லாஸ் வேகாஸுக்குப் போகிறோம் என்றது நிர்வாகம்.

2023 ஜூன் 13ஆம் திகதி ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பகிஷ்கரிப்பதற்குப் பதிலாக ஒரே நாளில் திரண்டு வந்தார்கள். 27,759 பேர். கலிபோர்னியாவில் வசிக்கும் எனது பெறாமகனும் அவர்களில் ஒருவன். "பெரியப்பா, அண்டைக்கு நாங்கள் மட்ச் பார்க்கப் போகேல்லை, எங்களை அவங்கள் பார்க்கவேணும் எண்டுதான் போனனாங்கள்" என்று தொலைபேசியில் சொன்னான். 'விற்றுவிடு' என்ற ஒற்றைச் சொல் அச்சிடப்பட்ட பச்சைச் சட்டைகளை அணிந்திருந்தார்கள். அணியை விற்றுவிடு என்று கூவினார்கள். நூறு வருடங்களுக்கு மேலாக எல்லாவற்றையும் விற்றுப் பழகிய ஓர் அணியின் உரிமையாளரிடம், அவர் விற்க மறுத்த ஒன்றையே விற்கும்படி கேட்டார்கள். அன்று லீக்கிலேயே சிறந்த அணியாக இருந்த டம்பா பேயை ஒக்லண்ட் 2 - 1 என்று வென்று, தொடர்ச்சியான ஏழாவது வெற்றியைப் பதிவு செய்தது. அதே நாளில் நெவாடா மாநில செனற் சபை வேகாஸ் மைதானத்துக்கு 380 மில்லியன் டொலர் வரை பொதுப்பணம் வழங்கும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. நவம்பரில் மற்ற உரிமையாளர்கள் ஒருவர்கூட எதிர்க்காமல் இடமாற்றத்தை அங்கீகரித்தார்கள். விளையாட்டின் நலன் என்ற 1976ஆம் ஆண்டுச் சொல் அப்போது எவருக்கும் ஞாபகம் வரவில்லை.

2024 செப்டெம்பர் 26ஆம் திகதி ஒக்லண்டில் கடைசிப் போட்டி. 46,889 பேர் வந்திருந்தார்கள். டெக்சஸை 3 - 2 என்று வென்றார்கள். 2025இல் இருந்து சக்ரமென்ரோவில் ஏறத்தாழ 14 ஆயிரம் பேர் கொள்ளும் சிறிய மைதானத்தில், பெயரோடு எந்த ஊரையும் சேர்க்காமல் வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்று விளையாடுகிறார்கள். 2028இல் வேகாஸ் மைதானம் திறக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

ஒக்லண்டை விட்டு வெளியேறிய மூன்றாவது மாதத்தில், 2024 டிசெம்பரில், லூயிஸ் செவரினோ என்ற பந்தெறிவாளரை மூன்று வருடங்களுக்கு 67 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அதுவரையான அந்த அணியின் வரலாற்றிலேயே மிகப்பெரிய ஒப்பந்தம் அதுதான். லீக்கின் வருமானப் பகிர்வில் பங்கு பெறுவதற்குச் சம்பளச் செலவைக் கூட்டிக் காட்ட வேண்டியிருந்தது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் காரணம் எழுதின. பெறாமகன் எனக்கு அந்தச் செய்தியின் இணைப்பை அனுப்பியிருந்தான். அதன் கீழே "67 மில்லியன், பெரியப்பா" என்பதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை.